நூலில் ஏழு முடிச்சு

அக்கா காகித லேபலை நம்புவதில்லை. அமிலம் பட்டால் எழுத்துப் போய்விடும், தண்ணீர் பட்டால் காகிதமே போய்விடும், இரண்டும் படாமல் இருந்தால் யாராவது அதன் மேல் இன்னொன்றை ஒட்டுவார்கள் என்பார். ஆகவே போத்தலின் கழுத்தில் நூல் கட்டுவார். வெள்ளைத் தையல் நூல், பொலியெஸ்டர். பருத்தி நூலை அமிலம் தின்றுவிடும் என்பதை மூன்று போத்தல்கள் கலந்துபோன பிறகு தெரிந்துகொண்டாராம். ஒரு தரம் கழுவினால் நூலில் ஒரு முடிச்சு. ஏழு முடிச்சு விழுந்தால்தான் போத்தல் எங்கள் கைக்கு வரும்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர் ஒரு தடவை என்னால் ஓர் அறிக்கையில் வரக்கூடாத இடத்தில் வந்தது. அது போதும்.

கண்டிக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த ஓர் ஆய்வுகூடம் அது. பட்டம் முடித்த கையோடு நான் அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் வேலை காரீயத்திலிருந்து, அதாவது பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டிலிருந்து, கிரபீன் எடுப்பது. குருநாகல் பக்கச் சுரங்கத்திலிருந்து காரீயக் கட்டி கலகெதர வழியாக வான் வண்டியில் வந்து இறங்கும். அதை மாவாக்கி, கடும் அமிலத்தில் போட்டு, ஐஸ் மேல் வைத்து, கொண்டிஸ் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். புண் கழுவ முன்பெல்லாம் வீடுகளில் வைத்திருந்த அதே ஊதாத் தூள்தான். அதில் மங்கனீசு இருக்கிறது. காரீயம் என்பது அடுக்கு மேல் அடுக்காகப் படிந்த கரி. அமிலமும் கொண்டிஸும் சேர்ந்து அந்த அடுக்குகளைத் தனித்தனியாக விலக்கிவிடும். ஓர் அணுவின் தடிப்பு மட்டுமே உள்ள அந்த ஒற்றை அடுக்குத்தான் கிரபீன்.

விலக்குவது ஒரு நாள் வேலை. உள்ளே போன அமிலத்தையும் மங்கனீசையும் கழுவி வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை. போத்தலில் தண்ணீர் ஊற்றி, குலுக்கி, சென்ட்ரிபியூஜில் சுழற்றி, அடியில் படிந்ததை விட்டு மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு தரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கழுவக் கழுவ அது ஊறிப் பழுப்பு நிற ஜெலியாகி, அடியில் இறங்க மறுக்கும். கடைசி மூன்று தரமும் பொறுமையைச் சோதிக்கும். அந்த வேலை அக்காவுடையது.

அவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். முப்பத்தெட்டு வயது இருக்கும். திகனயிலிருந்து பஸ்ஸில் வருவார். தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் தோடு, கையில் எப்போதும் ஒரு நூல்கட்டை.

நான் சேர்ந்த முதல் கிழமையே அவரோடு விவாதம் செய்தேன்.

"அக்கா, நாலு தரம் கழுவினா போதும்னு ஆய்வுக் கட்டுரையில இருக்கு."

"அந்தக் கட்டுரை எழுதினவுங்க தண்ணி வேற மிஸ். நம்ம தண்ணிக்கு ஏழு."

"ஏழுன்னு எப்படித் தெரியும்?"

"ஆறுல நிறுத்திப் பாத்திருக்கேன்."

நான் படித்த எந்த வழிகாட்டியிலும் அதைவிட நேரான பதில் இருந்ததில்லை.

ஒவ்வொரு போத்தலும் முடிந்ததும் நூலை வெட்டித் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒட்டுவார். நான்கு பத்திகள் கீறியிருந்தார்: திகதி, போத்தல் இலக்கம், நூல், கழுவினவர் கையொப்பம். முடிச்சைப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டும்போது பழுப்பு நிறம் போத்தல் கழுத்தில் வழிந்து நூலில் ஊறும்; முடிச்சு விழாத மிச்ச முனையை விலக்கிப் பிடித்துக்கொள்வார். முதல் முடிச்சு ஏழு தரம் நனைந்திருக்கும், ஏழாவது ஒரு தரம். ஆகவே கொப்பியில் ஒவ்வொரு நூலும் கடுஞ்சாயத்தில் தொடங்கி இளம் மஞ்சளில் முடியும்.

என்னோடு வேலை செய்த சேந்தன் யாழ்ப்பாணத்துக்காரன். அந்தக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இதென்ன அக்கா, தேத்தண்ணிக் கடைக்காரன்ர கணக்கு மாதிரிக் கிடக்கு. இது பிளேன்ரீ, இது சாயம் கூட, இது சாயம் குறைய" என்றான்.

"சிரிங்க, சிரிங்க. ஒங்க கம்ப்யூட்டர் போன மாசம் படுத்திச்சே, எல்லாம் அழிஞ்சிச்சே, என் கொப்பில ஏதாச்சும் அழிஞ்சிச்சா?"

"ஓம், அது சரி" என்று சேந்தன் கொப்பியை மூடி வைத்தான்.

நூல் ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. பகல் சாப்பாட்டுப் பார்சல்களை அவர்தான் போய் வாங்கி வருவார். எல்லாம் ஒரே பேப்பரில் சுற்றி ஒரே மாதிரி இருக்கும். அக்கா ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருப்பார். ஒரு முடிச்சு மீன், இரண்டு முட்டை, மூன்று கோழி. முடிச்சே இல்லாதது மரக்கறி. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அதுதான். ஒரு நாள் சேந்தன் வேண்டுமென்றே என் பார்சலில் மூன்று முடிச்சுப் போட்டு வைத்தான். அக்கா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "தம்பி, அது நான் போட்ட முடிச்சு இல்ல. எங்கிட்ட வேணாம்" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. சிரித்துவிட்டுச் சாப்பிட்டோம். கேட்டிருக்கலாம்.

கொழும்பிலிருந்து ஒரு தடவை பெரிய ஆட்கள் குழுவாகப் பார்க்க வந்தார்கள். எங்கள் பேராசிரியர் ஒரு கிழமை முன்பிருந்தே எல்லாரையும் தயார்படுத்தினார். வந்த அம்மணி ஒருவர் அக்காவின் கையிலிருந்த போத்தலைக் காட்டி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா, "அங்குரு மேடம்" என்றார். கரி.

பேராசிரியர் சிரிக்க முயன்றார். "இதுதான் கிரபீன்" என்று திருத்தினார்.

அக்கா நூலைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தரம் இருக்கு சேர். அது வரைக்கும் கரி" என்றார்.

அந்த அம்மணிக்கு அது பிடித்துப்போய்விட்டது. போகும் வரை எதைக் காட்டினாலும், "இது கரியா, கழுவியாச்சா?" என்றே கேட்டார். பேராசிரியருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

அக்கா தான் பார்த்ததை மட்டும் சொல்வார். யார் கேட்டாலும் பார்க்காததைச் சொல்லமாட்டார். நான் சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

பாலைச் சோதிக்கும் பால் பட்டையின் யோசனையும் அவருடையதுதான். அறிக்கைகளில் அது என் யோசனை என்று இருக்கிறது.

அவர் வீட்டில் இரண்டு பசுக்கள் இருந்தன. புருசன் காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் அங்கே தாங்கியில் சேர்ந்த பால் முழுவதையும் கொட்டிவிட்டார்கள். பால் புளிக்காமல் இருக்க யாரோ ஒருவர் ஐதரசன் பெரொக்சைட் கலந்திருக்கிறார். யார் கேனில் என்று தெரியாது. எல்லார் பாலும் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அத்தனை வீட்டுப் பாலும் வடிகானில் ஓடியது.

"நம்ம பாலு நல்ல பாலு தங்கச்சி. ஆனா கலந்த பொறகு எது நம்ம பாலுன்னு எப்புடிக் காட்டுறது?" என்றார். சாப்பாட்டு நேரங்களில் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியிருந்த காலம் அது. "ஒங்க கரிய வச்சு, கேன்ல நனைச்ச ஒடனே சொல்ற மாதிரி ஒண்ணு செய்ய ஏலாதா?"

ஏலும். கிரபீன் பூசிய சின்னப் பட்டையைப் பாலில் நனைத்தால், பெரொக்சைட் இருந்தால் மின்னோட்டம் கூடும். நான் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. எட்டு மாதம் அதில் வேலை செய்தேன். பட்டை வேலை செய்தது; ஆனால் மெதுவாக, பலவீனமாக. பாலில் வேறு ஆயிரம் சாமான் இருக்கிறது. பெரொக்சைட்டின் குரல் அதற்குள் அமுங்கிப் போனது.

பிறகு அந்தப் போயா வந்தது.

கொழும்பில் ஒரு மாநாடு. ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை நடுப்பகல். புதன்கிழமை பின்னேரம் கடைசிப் போத்தல் நான்காம் தரத்தில் நின்றது. வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை. அக்கா கையுறையைக் கழற்றியபடி கேட்டார்.

"நாளைக்கு எனக்கு வர ஏலாது. மூணு தரம் மிச்சம். நீங்க போட்டுருவீங்களா தங்கச்சி?"

"போட்டுர்றேன் அக்கா."

"அவசரப்படுத்தாதீங்க. எறங்குறப்போதான் எறங்கும்."

நூல்கட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் அதைக் கையை விட்டு வைத்ததை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றுதான்.

வியாழன் காலை எட்டரைக்கு நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். வெளியே வெள்ளை உடுத்த சனம் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தரம் சுழற்றினேன். ஜெலி இறங்கவில்லை. தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் கோடே தெரியவில்லை. கொட்டினால் எல்லாம் சேர்ந்து போய்விடும். இன்னொரு தரம், கூடுதல் வேகத்தில். இறங்கவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன்: மூன்று தரம் கழுவல், உலர்த்தல், பட்டையில் பூசல், அளவீடு, வரைபடம், சுருக்கம். எதிரே நேரத்தைப் போட்டேன். கூட்டினால் வெள்ளிக்கிழமை பின்னேரத்தையும் தாண்டியது. பட்டியலில் எதை எடுத்தால் மிச்சமெல்லாம் சரியாக வரும் என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

கொட்டாமலே, கழுவாமலே போத்தலை உலர்த்த எடுத்தேன். மேசையிலிருந்த நூல்கட்டையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். போத்தல் கழுத்தில் நூலின் மிச்ச முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அடுத்தடுத்து மூன்று முடிச்சுப் போட்டேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

வெள்ளி காலை அளவெடுத்தபோது வரைபடம் எழுந்து நின்றது. எட்டு மாதமாகத் தரையோடு கிடந்த கோடு, ஒரு துளி பெரொக்சைட்டுக்குச் செங்குத்தாக ஏறியது. சேந்தன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "அடியே, இதென்ன கோதாரி! கருவி பழுதோ?" என்றான். கருவி பழுதில்லை. திருப்பித் திருப்பி எடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஏறியது. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

அந்த நேரத்தில் அக்கா மூலையில் வெறும் போத்தலின் நூலை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டியதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"நேத்து மூணும் நல்லா எறங்கிச்சா?"

"இறங்கிச்சு அக்கா."

அவர் நூலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார். "சரிங்க மிஸ்" என்றார்.

தங்கச்சி மீண்டும் மிஸ் ஆனதை நான் கவனித்தேன். பேராசிரியர் பக்கத்தில் நிற்கிறார், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் மிஸ்தான். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

மாநாட்டில் கைதட்டினார்கள்; பிறகு அது கட்டுரையாகவும் வெளிவந்தது. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று எங்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பியது. அவர்கள் எங்கள் முறையை அப்படியே செய்து பார்த்தார்கள், கோடு ஏறவில்லை. நாங்கள் புதிதாகச் செய்த போத்தல்களிலும் ஏறவில்லை. அக்கா அவற்றை ஏழு தரம் கழுவியிருந்தார். எங்கள் பழைய மாதிரியில் கொஞ்சம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: உங்கள் கிரபீனில் மங்கனீசு நிறைய இருக்கிறது. பெரொக்சைட்டைக் கண்டதும் துள்ளியது மங்கனீசுதான், கிரபீன் அல்ல.

இந்தத் துறையில் இது புதிய தவறு அல்ல. கழுவாத அழுக்கின் கெட்டித்தனத்தைக் கரியின் கெட்டித்தனம் என்று எழுதிப் பிறகு தலை குனிந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். கட்டுரையைத் திருப்பி எடுத்து, நடந்ததைச் சொன்னால் முடிந்துவிடும். எனக்கு அது தெரியும். அதோடு வேறு சிலவும் தெரிந்திருந்தன. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. மேல்படிப்புக்கான சிபாரிசுக் கடிதத்தைப் பேராசிரியர் இன்னும் எழுதவில்லை. அக்காவின் தற்காலிக நியமனம் நிரந்தரமாவதற்கான கடிதமும் அதே மாதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

பேராசிரியரின் அறையில் விசாரணை நடந்தது. அவர், நிர்வாக அதிகாரி, நான், சேந்தன், அக்கா. பேச்சு சிங்களத்தில். அக்கா மடியில் சீ.ஆர். கொப்பியை வைத்திருந்தார். இரண்டு கையும் அதன் மேல் இருந்தன.

"இந்தப் போத்தலை ஏழு தரம் கழுவினீர்களா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நாலு தரம் நான் கழுவினேன் சேர். மிச்சம் போயா அன்னைக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. சுழற்றி முடிந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, இறங்கிவிட்டதா என்று பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "மிச்சம் மூன்று?"

"நூலில் ஏழு முடிச்சு இருந்தது சேர்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை எடுத்துச் சோதித்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கொப்பியைத் திறந்து காட்டும்படி யாரும் கேட்கவில்லை. நூல் முடிச்சையெல்லாம் ஆதாரமாக வைத்து ஆய்வுகூடம் நடத்துவதா என்று நிர்வாக அதிகாரி சிரித்தார். பட்டதாரி செய்த மூன்று தரத்தில் பிழை வர நியாயமில்லை, ஆகவே முதல் நாலில்தான் பிழை என்று முடிவானது. "கழுவும் கட்டத்தில் உதவியாளரின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினார்கள். அதன் கீழே அவர் பெயர். ஆறில் நிறுத்திப் பார்த்து ஏழு என்று கண்டுபிடித்த ஆளின் பெயர்.

நியமனக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. மாத முடிவோடு அவரை நிறுத்தினார்கள்.

கடைசி நாள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நானும் போனேன். பத்து நிமிட நடை. பஸ் வர இன்னும் இருபது நிமிடம் ஆனது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். குண்டசாலையில் பாதை திருத்துவதால் பஸ் சுணங்கும் என்றேன். பசுக்களைப் பற்றிக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு, "வாறேன் மிஸ்" என்று ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் புறப்படும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டினேன்.

பால் பட்டைத் திட்டத்தை மூடினார்கள். எனக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. மேல்படிப்பை அங்கேயே முடித்தேன். புதிய உதவியாளர் வந்தார். போத்தல்களில் அழகான அச்சு லேபல் ஒட்டினார்.

இந்த வருடம் அந்த இடத்தை விட்டு வெளியேற ஆயத்தமானேன். பொருள்களைக் கணக்கெடுத்து ஒப்படைக்க வேண்டும். இரசாயன அலுமாரியின் அடித்தட்டில், உடைந்த தராசுக்குப் பின்னால், சீ.ஆர். கொப்பி கிடந்தது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

போயாவுக்குரிய பக்கத்தை எடுத்தேன். ஏழு முடிச்சு. முதல் நான்கும் கடுஞ்சாயத்திலிருந்து இளஞ்சாயத்துக்கு இறங்கி வந்திருந்தன. மிச்சம் மூன்றும் வெள்ளை. கடையில் வாங்கிய நாளில் இருந்த வெள்ளை. பழுப்பு அவற்றைத் தொட்டதே இல்லை. கையொப்பப் பத்தியில் நான்குக்கு நேரே அவருடைய கையெழுத்து. மூன்றுக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

மற்றப் பக்கங்களையும் பார்த்தேன். வெற்றிடம் அந்த ஒன்றுதான்.

எனக்கு அந்த மூன்று முடிச்சுப் பார்சல் ஞாபகம் வந்தது. அன்று சேந்தன் போட்ட முடிச்சும் காய்ந்து சுத்தமாக இருந்திருக்கும். அக்காவின் முடிச்சுகளில் எப்போதும் குழம்பு ஊறியிருக்கும்.

பேராசிரியர் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். புதிய தலைவருக்கு நடந்ததை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம், ஆனால் அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பிறகு கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு திகன பஸ் ஏறினேன்.

அக்கா பால் சேகரிப்பு நிலையத்தில் இருந்தார். கேன் கழுவுவதும் பால் பார்ப்பதும் அவர் வேலை. ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் ஏப்ரன். முடியில் நரை கூடியிருந்தது. என்னைக் கண்டதும் குழாயை மூடினார்.

"வாங்க மிஸ். பஸ்ஸுல எடம் கெடைச்சிச்சா?"

கேன்களின் கைபிடியில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. நான் கொப்பியைக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தேடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"அந்த மூணு தரமும் நான் கழுவல்ல அக்கா."

"தெரியும்."

"அன்னைக்கேவா?"

"நூல வெட்டினப்பவே. அப்பறம் ஒங்ககிட்ட வந்து கேட்டேனே. மூணும் எறங்கிச்சான்னு."

"ஏன் சேர்கிட்ட கொப்பியைத் திறந்து காட்டல்ல?"

"காட்டியிருக்கலாம். வீட்டுக்காரரும் இன்னைக்கு வரைக்கும் அதத்தான் சொல்லித் திட்டுறாரு. ஆனா அது ஒங்க முடிச்சு மிஸ். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அந்த ரூம்ல..."

"ரூம்ல மட்டுமா? பஸ்ஸு வரைக்கும் பாத்தேன். பஸ்ஸு பொறப்படுற வரைக்கும் பாத்தேன். நீங்க மழையப் பத்திப் பேசினீங்க."

ஒரு முச்சக்கரவண்டி வந்து இரண்டு கேன்களை இறக்கியது. அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். பட்டை இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் நனைத்திருப்பார்.

புதிய தலைவருக்கு எழுதினதைச் சொன்னேன். வந்த பதிலையும் சொன்னேன்.

"பாராட்டினாங்களா? நல்லது. ஒங்களுக்கு ஒரு கடுதாசி கெடைச்சிருக்கு" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"கொப்பியை நீங்க வச்சுக்கங்க அக்கா."

"இது லேப் சாமான். எனக்கு எதுக்கு? கொண்டுபோய் இருந்த எடத்துல வைங்க." கொப்பியை மூடவில்லை. திறந்த பக்கத்தோடு என் கையில் கொடுத்தார். ஈர விரலால் அந்த வெறும் கோட்டை ஒரு தரம் தொட்டார். "இத முடிச்சிட்டு வைங்க."

குழாயைத் திறந்தார். கேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பஸ் தரிப்பிடத்துக்கு நான் தனியாக நடந்தேன்.

கண்டி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கொப்பியை மடியில் வைத்து, மூன்று வெள்ளை முடிச்சுக்கு நேரே, அவர் போட்டு வைத்த கோட்டில் "கழுவவில்லை" என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். பஸ் குலுங்கியதால் எழுத்து கோணியிருக்கிறது. பக்கத்தில் திகதி போட வேண்டும். அந்தப் போயாவின் திகதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கையொப்பம் இட்ட அந்த நாளின் திகதியைத்தான் எழுதினேன்.